இடைவெளி என்று எழுதிய 12 ஆண்டுகள்

எங்கள் ஆசிரியர் பட்டியலின் எக்செல் தாளில் அது 11வது வரிசை. 'இதற்கு முன் பார்த்த வேலை' என்ற பத்தியில் 1991க்குப் பிறகு எல்லாம் நிரம்பியிருந்தது. பள்ளிப்படிப்பு முடிந்தது 1978. நடுவில் ஒன்றுமில்லை. வெறும் கட்டத்தோடு கோப்பு போனால் திருப்பி அனுப்புவார்கள் என்பதால் 'இடைவெளி, 1979–1991' என்று தட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போன வருடம் மார்ச் மாதம் செய்த காரியம். இன்றைக்கும் சில இரவுகளில் அந்தக் கட்டம் கண்முன் வந்து நிற்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சின்னத் தனியார் மேலாண்மைக் கல்லூரியின் தர உறுதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. படிப்புகளின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டால் எங்கள் பிரிவுக்குத் தூக்கம் கிடையாது. அங்கீகாரம் தரும் உயர்கல்விக் குழுமத்துக்குப் போகும் கோப்பில் பாடத்திட்டம், நூலகம், தேர்வு முறை எல்லாம் உண்டு. ஆனாலும் கையில் எடுத்தவர் முதலில் புரட்டுவது ஆசிரியர் பட்டியலைத்தான். யார் என்ன படித்தவர், எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை ஆண்டு வகுப்பெடுத்தவர், அதற்கு முன் எங்கே என்ன வேலை பார்த்தவர். இந்த நாட்டில் கல்வித் தகுதிக்கு 10 படிகள் வைத்திருக்கிறார்கள். இளநிலைப் பட்டம் 7, ஆனர்ஸ் 8, முதுநிலை 9, முனைவர் 10. இளநிலை வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர் அந்த வகுப்பு தரும் பட்டத்தைவிட மேலான படியில் நிற்க வேண்டும். தொழில் சார்ந்த படிப்பு என்றால் அந்தத் தொழிலில் போதிய அனுபவமும் காட்ட வேண்டும். படியை எண்ணிவிடலாம். அனுபவத்தை எதைக்கொண்டு எண்ணுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆண்டுக்கணக்கையும் பதவியின் பெயரையும் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2004ல் குழுமம் நாட்டின் எம்பிஏ படிப்புகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஆய்வு செய்து பலவற்றின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு மேலாண்மைக் கல்லூரி நடத்துகிற யாருக்கும் ஆசிரியர் பட்டியல் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். பட்டியல் பளிச்சென்று இருக்க வேண்டும், ஓட்டை தெரியக்கூடாது. நான் அந்த ஓட்டையைத்தான் ஒரு சொல்லால் அடைத்தேன்.

பதினான்கு பேர்

பதினான்கு பேரின் பயோடேட்டாவை ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படித்தால், ஒவ்வொன்றாகப் படிக்கும்போது தட்டுப்படாத ஒன்று தட்டுப்படும். எங்களிடம் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய இந்திய வம்சாவளி ஆசிரியர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேர் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். ஒருவர் புவியியல் வாத்தியார், இன்று சந்தைப்படுத்தல் நடத்துகிறார். இன்னொருவர் பள்ளியில் கணக்குப் போட்டுக்கொடுத்தவர், இன்று நிதி மேலாண்மை. முதலில் இது எனக்குத் தற்செயலாகத்தான் பட்டது. பிறகு ஆண்டுகளைப் பார்த்தேன். 1956ல் வந்த தொழில் சமரசச் சட்டத்தின் 77வது பிரிவு, இன்ன வேலை இன்ன இனத்துக்கு என்று ஒதுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சட்டம் எட்டாத இடத்தில் வழக்கம் எட்டியது. வெள்ளைக்காரர் ஒருவருக்கு மேலே இந்தியர் ஒருவரை அதிகாரியாக உட்கார வைக்க அன்று எந்த நிறுவனமும் துணியாது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 1980களின் நடுப்பகுதி வரை இந்தியர் குடியிருக்கவே முடியாது. அங்கே மாற்றல் கிடைத்துப் பதவி உயர்வு வாங்கினேன் என்று யாராலும் பயோடேட்டாவில் எழுத முடியாது. பல்கலைக்கழகத்துக்கும் அதே கதைதான். இந்தியருக்கென்று 1961ல் திறந்த கல்லூரியை டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். படித்த பிள்ளைக்குக் கைக்கெட்டிய கௌரவமான வேலை வாத்தியார் வேலை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பெயர் என் பட்டியலில் மூன்று முறை வருகிறது.

அந்த ஐவரில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எங்களிடம் பகுதி நேரமாக நிறுவன நடத்தை என்ற பாடம் எடுக்கிறார். வாலிபராக அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தியர் பள்ளிகளில் இடம் போதாது. பல பள்ளிகள் ஊர்க்காரர்களே காசு போட்டுக் கட்டியவை. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியத்துக்கு மேல் இன்னொரு பள்ளி. பிளாட்டூன் முறை என்பார்கள். மணியடித்ததும் ஒரு கூட்டம் வெளியே போகும், இன்னொரு கூட்டம் உள்ளே வரும். கரும்பலகையைக்கூடத் துடைத்து ஒப்படைக்க வேண்டும். அந்த நேர அட்டவணையைப் போடும் பொறுப்பு நான்கு வருடம் அவர் தலையில் இருந்திருக்கிறது. எங்கள் உள்குழுவில் அவர் பெயர் வந்தபோது ஒருவர் கேட்டார், "பள்ளிக்கூடம் நடத்தினதை மேலாண்மை அனுபவம்னு கணக்கு வைக்கலாமா?" வைக்கலாம் என்று வாதாட எனக்கு அரைமணி நேரம் ஆனது.

ஒரு பெரிய வங்கியில் 22 ஆண்டு இருந்தவரைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் வெள்ளைக்காரர். 18 வயதில் பள்ளிச் சான்றிதழோடு எழுத்தராக நுழைந்து, 31 வயதில் கிளை மேலாளர். பட்டம் எல்லாம் பிறகு வாங்கியது. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடன் விண்ணப்பம் ஏன் தள்ளுபடியாகிறது என்று அவர் நடத்தும் வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கடன் கேட்டுப் போகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய வகுப்பு. ஒருநாள் தேநீர் இடைவேளையில் என் தாளை எட்டிப் பார்த்தவர் தன் வரிசையில் விரலை வைத்துச் சொன்னார்: "நான் சேர்ந்தப்போ இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேரை அந்த வாசல்ல நிக்கவே விடல. அதையும் எழுத ஒரு பத்தி வேணும்." மனதிலிருந்து சொன்னார். அப்படி ஒரு பத்தி என் படிவத்தில் இல்லை.

மனிதவளம் நடத்துகிறவர் குவாசுலு கிராமத்திலிருந்து வந்தவர், பேரும் ஊரும் வேண்டாம். 1981 முதல் ஒன்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதி. கறுப்பினத் தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததே 1979ல்தான் என்பதை நினைத்தால் அவர் எந்த நேரத்தில் போய் நின்றார் என்பது புரியும். 1985 டிசம்பரில் இதே டர்பனில், நேட்டால் பல்கலைக்கழக வளாகத்தில் கோசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு தொடங்கியபோது கூட்டத்தில் இருந்தவர். அதன் முதல் பொதுச்செயலாளர் நம் ஜே நாயுடு என்று என்னிடம் அடிக்கடி நினைவுபடுத்துவார். அவருடைய வரிசையில் 'தொழிலாளர் உறவு அலுவலர்' என்று மாற்றிப் போடலாமே என்று மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். பேச்சுவார்த்தை மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துதான் அந்தப் பாடத்தைக் கற்றார், அதை ஏன் மறைக்க வேண்டும்? அவர் வரிசை அவர் எழுதியபடியே இருக்கிறது.

எம்பிஏ என்ற படிப்பு வட அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் தொடங்கியது இந்த நாட்டில்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகம், 1949. நிறவெறிக் கட்சி ஆட்சியைப் பிடித்த மறு வருடம். அந்த வருடம் ஜனவரியில்தான் டர்பனில் கலவரம் மூண்டு, அரசுக் கணக்கிலேயே 142 பேர் செத்தார்கள், இந்தியர் கடைகள் எரிந்தன. ஒரு நகரத்தில் மேலாண்மைக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்குகிறார்கள், இன்னொரு நகரத்தில் எரிந்த கடையைக் கூட்டிப் பெருக்கி மறுபடி ஷட்டரைத் தூக்குகிறார்கள். பிரிட்டோரியாவில் நடந்தது பயோடேட்டாவில் ஏறியது. டர்பனில் நடந்ததற்கு ஒரு வரி கிடையாது. அனுபவப் பத்தியை அப்படியே நேராகப் படித்தால், அந்தக் காலத்துச் சட்டம் யாரை எங்கே உட்கார வைத்ததோ அதையே நாமும் இன்னொரு முறை எழுதிக்கொடுக்கிறோம். இது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைக்க வைத்தவர் அக்கா.

"அது வேலை இல்லையே"

டர்பனில் மூத்த பெண்களை ஆன்ட்டி என்பார்கள். நான் கோவில்பட்டிக்காரி, எனக்கு அவர் முதல் நாளிலிருந்து அக்கா. செயல்பாட்டு மேலாண்மை நடத்துகிறார். பிள்ளைகள் அவருடைய வகுப்பைத் தவறவிடுவதில்லை. அறுபதைத் தாண்டியவர், வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம்தான். தமிழ் அம்மாவோடும், என்னோடும், கோவிலிலும் மட்டும்.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொருவரும் தங்கள் வரிசையைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா என் மேசைக்கு வந்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார், கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "இடைவெளின்னு இருந்தா அவங்க என்ன நெனப்பாங்க?" என்று கேட்டார். "கல்யாணம், பிள்ளைகள்னு நெனச்சுக்குவாங்கக்கா, அதெல்லாம் பிரச்சினை இல்ல" என்றேன். "எனக்குக் கல்யாணம் ஆனது 90ல." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அப்படியானால் அந்த 12 வருடம்? "மார்க்கெட்ல நின்னேன். அப்பா படுத்துட்டாரு. கடையை அம்மாவும் நானும் பாத்தோம்." பன்னிரண்டு வருடமாகவா? "ஞாயித்துக்கிழமை தவிர." ஏன் பயோடேட்டாவில் எழுதவில்லை என்று கேட்டேன். அதுவரை பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகப் பேசிக்கொண்டிருந்தவர் இதற்கு முழுக்கத் தமிழில் பதில் சொன்னார். "அது வேலை இல்லையே. அது வீடு."

நான் பேசாமல் இருந்தேன். எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்தது. அப்பாவின் மளிகைக் கடையில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பி.காம் முடிக்கும்வரை நான்தான் சிட்டை எழுதினேன். ராத்திரி கடை சாத்தியபிறகு சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவது, யார் பற்று எவ்வளவு, யாருக்கு இனிமேல் கடன் கொடுக்கக்கூடாது என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுவது. கல்லூரியில் இரட்டைப் பதிவு முறை நடத்தியபோது எனக்கு அது புதிதாகவே இல்லை. இந்த வேலைக்கு நான் கொடுத்த பயோடேட்டாவிலும் அந்தப் பத்து வருடம் கிடையாது. வீடு என்ற சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறோம், அதிலும் பெண்பிள்ளைகள். அண்ணன் தம்பி யாராவது அந்தக் கடையைப் பார்த்திருந்தால் 'குடும்பத் தொழிலை நிர்வகித்தார்' என்று எழுதத் தயங்கியிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அனுமதி கேட்டு அக்காவின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பாடம், அழுகும் சரக்கை எவ்வளவு வாங்கி வைப்பது என்பது. பாடநூலில் செய்தித்தாள் விற்கிற பையனை வைத்துச் சொல்லியிருப்பார்கள். மாலைக்குள் விற்காவிட்டால் பழைய காகிதம். அக்கா கொத்தமல்லிக் கட்டை எடுத்துக்கொண்டார். கட்டு 20 சென்ட்டுக்கு வாங்கி 50 சென்ட்டுக்கு விற்கிறோம். மீந்தால் 5 சென்ட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். வாடிக்கையாளர் வந்து சரக்கு இல்லையென்றால் நஷ்டம் 30 சென்ட். சரக்கு மீந்தால் நஷ்டம் 15 சென்ட். முப்பதை நாற்பத்தைந்தால் வகுத்தால் மூன்றில் இரண்டு. அதாவது மூன்று நாளில் இரண்டு நாளின் தேவைக்குச் சரக்கு போதும்படி வாங்கு, மூன்றாவது நாள் சீக்கிரமே தீர்ந்துபோனால் போகட்டும், அதுதான் லாபமான அளவு. பிள்ளைகள் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்து நடந்து வரும்போது, அந்த விலை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்க கடை விலைதான். எண்பத்தொண்ணு, ரெண்டு சமயத்துல." அம்மா எப்படி அளவு போடுவார்கள்? "வாரத்துல ஆறு நாள் கடை. ரெண்டு நாளாவது மல்லி மத்தியானத்துக்குள்ள தீந்துரணும்பாங்க. தெனம் மீந்தா திட்டுவாங்க, தெனம் தீந்தாலும் திட்டுவாங்க." ஆறில் இரண்டு. அஞ்சல்வழிப் பல்கலைக்கழகமான யூனிசாவிலிருந்து தபாலில் வந்த பாடக் கட்டில் இந்தச் சூத்திரத்தை முதல்முறை பார்த்த ராத்திரி, அம்மா திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து அழுதேன் என்று சொன்னார். பட்டம் முடிக்க ஏழு வருடம் ஆகியிருக்கிறது. கடையை மூடிவிட்டு, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் படித்த ஏழு வருடம்.

அந்தப் பட்டம் பட்டியலில் இருக்கிறது. சூத்திரத்தை ஏற்கெனவே கையால் செய்துகொண்டிருந்த இடம்தான் 'இடைவெளி'.

சந்தை

என்னைக் கூட்டிப்போங்கள் என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு வந்து ஹாரன் அடித்தார். வார்விக் சந்திப்பைப் பகலில் நூறு தடவை கடந்திருக்கிறேன். ரயில், பேருந்து, டாக்ஸி எல்லாம் வந்து கொட்டுகிற இடம், பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவேன். இருட்டில் அது வேறு ஊர். பக்கி என்கிற சிறு திறந்த லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அதிகாலைச் சந்தை 1910லிருந்து இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் ஆட்கள் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். அதை விற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அக்காவின் தாத்தா கேட்டோ மேனரில் தோட்டம் போட்டவர். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் நிலம் போய், குடும்பம் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு வந்தது. தோட்டம் போனபிறகு கடை மட்டும் மிஞ்சியது, அன்றிலிருந்து சரக்கை விலைக்கு வாங்கித்தான் விற்க வேண்டும். 2009ல் மாநகராட்சி சந்தையை எடுத்துவிட்டு அங்கே வணிக வளாகம் கட்டப் பார்த்தது. வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் போனார்கள், சந்தை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அக்கா தன் பழைய இடத்தைக் காட்டினார். இப்போது ஒரு சுலு அம்மா அங்கே சேப்பங்கிழங்கு வைத்திருந்தார். இந்த ஊரில் அதை மடும்பி என்பார்கள். இருவரும் சுலுவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிறகு நடந்துகொண்டே எனக்கு ஒரு வருடத்தைச் சொன்னார். மாதக் கடைசி வெள்ளி, சனி எல்லாம் இரட்டைச் சரக்கு, சம்பள நாள். பெரிய வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குச் சனம் கிளம்பும், அந்த வாரம் பூசணியும் வாழைக்காயும். ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், கீரை நிற்காது. புரட்டாசி வந்தால் ஊரில் பாதித் தமிழர் வீட்டில் கறி மீன் கிடையாது, காட்ரா பீன்ஸ் என்ற பயற்றின் விலை ஏறும். ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும், ஆனால் உரித்த பயறு நான்கு நாளுக்கு மேல் தாங்காது. புரட்டாசி முடிந்த மறுநாள் காலையில் கடையில் ஈ ஆடும். தேவையை முன்கணிப்பது என்று பாடத்திட்டத்தில் ஆறு வாரம் நாங்கள் ஒதுக்கியிருப்பது இதற்குத்தான்.

பிஸ்கட் டின்

இதை எப்படியாவது 11வது வரிசையில் ஏற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். உடனே என்னுடைய தொழில் என்னைத் தடுத்தது. நான் சரிபார்க்கிறவள். இந்த நாட்டில் போலிப் பட்டம் பெரிய நோய். 2019ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பொய்த் தகுதி காட்டுகிறவருக்கு ஐந்து வருடம்வரை சிறை என்கிறது. பட்டம் என்றால் தகுதி ஆணையத்துக்கு எழுதி உண்மையா என்று கேட்டுவிடலாம். சந்தைக் கடைக்கு யாரிடம் கேட்பது? இன்று அக்காவுக்காகக் கதவைத் திறந்தால், நாளைக்கு ஒருவர் வீட்டுக் கூடத்தில் பத்து வருடம் நிறுவனம் நடத்தினேன் என்று வந்து நிற்பார். அனுபவம் போதும், பட்டம் எதற்கு என்று கேட்கிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அக்கா பட்டத்தையும் விடவில்லை, ஏழு வருடம் அதற்காகக் கண்விழித்திருக்கிறார். அவர் செய்ததற்குச் சான்று வேண்டும், அவ்வளவுதான் என் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வர்த்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மாதாமாதம் மாநகராட்சிக்குக் கட்டிய கடை வாடகை ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு வருடவாரியாக. எனக்குக் கை நடுங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1986 வரை அப்பா பெயர். அவர் இறந்தபிறகு அம்மா பெயர். அக்கா பெயர் ஒன்றில்கூட இல்லை. எந்தத் தாளிலும் இல்லாத ஆளாக 12 வருடம் நின்றிருக்கிறார். நான் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார், "இன்னாம்மா?" அக்கா பெயர் இல்லை என்றேன். "பேரு எதுக்கு? திருப்பிப் பாரு."

திருப்பினேன். காகிதத்தை வீணாக்காத குடும்பம். ரசீதின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எண்கள், மூன்று பத்திகளாக. வாங்கியது, விற்றது, மீந்தது. ஒவ்வொரு நாளும். பதினெட்டு வயதுப் பெண்ணின் குண்டு குண்டான கையெழுத்து, வருடம் போகப்போக ஒடுங்கி, இன்று அக்கா கரும்பலகையில் எழுதுகிற அதே எழுத்தாக மாறுகிறது. ஏழு எழுதும்போது குறுக்கே ஒரு கோடு போடுவார்; 1979லும் போட்டிருக்கிறார். நான் டின்னை மூடவே இல்லை, இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்தார். இந்தப் பக்கம் வரவில்லை.

கல்லூரி சம்மதித்தது. முதலில் 'குடும்ப வணிக மேலாளர்' என்று நான் எழுதிக்கொடுத்தேன். அக்கா அதை அடித்துவிட்டு 'காய்கறி வியாபாரி, அதிகாலைச் சந்தை, வார்விக்' என்று எழுதினார். மேலாளர் என்ற சொல் இருந்தால் குழுவுக்குப் பிடிக்குமே என்றேன். "என்ன செஞ்சேனோ அது இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரி. மேலாளர் என்று போட்டிருந்தால், சந்தையில் நின்றது போதாது என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

ரசீதுகளோடு ஓர் அஃபிடவிட்டும் வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் அதற்கு வக்கீல் தேவையில்லை, காவல் நிலையத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்கிக்கொள்ளலாம், காசும் கிடையாது. திங்கட்கிழமை காலை மூவரும் போனோம். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அக்கா அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். என் மகள், எங்கள் கடையில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை. தொடங்கிய தேதிக்கு இடம் விட்டிருந்தோம், அக்காவுக்குச் சரியாக நினைவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இளம் சுலுப் பெண் காவலர் பேனாவோடு காத்திருந்தார். அம்மா யோசிக்கவே இல்லை. "பொரட்டாசி மொத சனிக்கெழம. அன்னைக்குத்தான் இவள நிறுத்தினேன். அவரு படுத்த வருசம்."

அக்கா மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அந்தக் காவலர், "பர்டாசியா? செப்டம்பர்தானே, நீங்கள் யாரும் கறி சாப்பிட மாட்டீர்களே" என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கிவிட்டார். 1979ன் காலண்டரைப் போனில் தேடிப் பார்த்தோம். செப்டம்பர் 22. அம்மா பேனாவை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.